‘பிள்ளைத்தாய்ச்சிக்கு உள்ளதுதான்’

தலைப்பிரசவத்துக்காக நான் சென்னையிலிருந்து பள்ளத்தூரில் உள்ள அப்பச்சி (அப்பா) வீட்டுக்கு வந்திருந்தேன். 33 வாரம் நிறைந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, குளிக்கப் போகும் முன் வழக்கம்போல மோதிரத்தைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. சோப்பு நுரையும் விளக்கெண்ணெயும் போட்டு, நூல் சுற்றி இழுத்துப் பார்த்தும் விரல் சிவந்ததே ஒழிய மோதிரம் அசையவில்லை. முந்தைய செவ்வாய்க்கிழமை அதே மோதிரம் இலகுவாக வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அடுப்படிப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பத்தா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீர் கோத்திருக்குத்தா, பிள்ளைத்தாய்ச்சிக்கு உள்ளதுதான், பார்லிக் கஞ்சி குடிச்சா வடிஞ்சிரும்" என்று சொன்னார்கள். மாலைக்குள் பின்மண்டையில் தொடங்கிய வலி நெற்றிவரை பரவியது. அம்மா சுக்கை உரசிப் பற்றுப் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. நாற்பது பேருக்குச் சமையல், பங்காளிகள் வருகை, இரண்டாம் கட்டு முழுவதும் பாத்திரங்கள் என்று வீடு பரபரத்துக்கொண்டிருந்த நேரத்தில், தலைவலிக்கிறது என்று மறுபடி மறுபடி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை, நான் பதிவு செய்திருந்த தனியார் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றும், வெயிலில் அலைந்திருப்பீர்கள் என்றும், வலி மாத்திரை போட்டுப் படுக்கச் சொல்லியும் வரவேற்பில் இருந்தவர் வைத்துவிட்டார். எத்தனை வாரம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிறு காலை முகப்பிலிருந்து பட்டாலைக் கூடத்துக்கு நடந்து வரும்போது, சிறு வயதிலிருந்து எனக்கு மனப்பாடமான ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள் தரையில் நெளிவது போலவும், அவற்றின் மேல் கரும்புள்ளிகள் மிதப்பது போலவும் தெரிந்தன. வலது விலாவுக்குக் கீழே ஒரு இறுக்கமும் இருந்தது. வாய்வு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள்.

என்னைக் காப்பாற்றியது பந்திக்கு அழைக்கப்பட்டிருந்த ஒருவர். அடுத்த தெருவில் குடியிருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் அவர். சாப்பிட உட்காரும் முன் என் முகத்தைப் பார்த்தவர், "மோதிரத்துல எதுக்கும்மா நூல் சுத்தியிருக்கு?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் எழுந்து போய்த் தம் வீட்டிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை எடுத்து வந்தார். 170க்கு 112. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பார்த்தார், அதே அளவுதான். துணிமணி எடுத்து வைக்கும் பேச்சுக்கே இடம் கொடுக்காமல் 108க்கு அவரே பேசினார். காரைக்குடி அரை மணி நேரத் தொலைவுகூட இல்லை. அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் நாங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு நாட்களைச் செலவழித்திருந்தோம் என்பதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அரசு மருத்துவமனையில் முதலில் கையிலும், பிறகு இடுப்பின் இரு பக்கமும் மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். உடம்பு முழுவதும் அனல் ஏறியது போல இருந்தது. அது வலிப்பு வராமல் தடுப்பதற்கான மருந்து என்றும், அழுத்தத்தைக் குறைக்க வேறு மருந்து தருகிறோம் என்றும், பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தனியாக ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம் என்றும் ஒரு பயிற்சி மருத்துவர் பொறுமையாக விளக்கினார். செவ்வாய்க்கிழமை இரவு அறுவை சிகிச்சையில் என் மகள் பிறந்தாள். எடை 1.7 கிலோ. பச்சிளங்குழந்தைப் பிரிவில் பதினெட்டு நாட்கள் இருந்தாள். இப்போது அவளுக்கு மூன்று வயது ஆகிறது.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் முன்சூல்வலிப்பு என்றும், நம் வீடுகளில் பிரஷர் என்றும் பெயர் சொல்கிறார்கள். 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் ஏறுவதும், சிறுநீரில் புரதம் இறங்குவதும் இதன் பொதுவான அடையாளங்கள். புரதம் இறங்காமலே கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் பாதிக்கப்படுவதும் உண்டு. 160க்கு 110ஐத் தொட்டுவிட்டால் அது அவசர நிலை. இதன் மூலம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அது கருப்பையின் ரத்தக் குழாய்களோடு சரியாகப் பொருந்தாதபோது தாயின் ரத்தக் குழாய்களின் உட்சுவர் உடல் முழுவதும் சேதமடைகிறது. ஆகையால்தான் மூளை, கண், கல்லீரல், சிறுநீரகம் என்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இடங்களிலெல்லாம் அறிகுறிகள் தலைகாட்டுகின்றன. விடாத தலைவலி, கண் மங்குதல், பொறி பறத்தல், வலது விலாவுக்கு அடியிலோ நெஞ்சுக்குழியிலோ வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குதல் ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்தால் வெயில், கண்ணாடி மாற்ற வேண்டும், வாய்வு, நீர் என்று நான்கு சமாதானங்கள் கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் அந்த நான்கும் சொல்லப்பட்டன.

இதில் ஒரு சொல் செய்யும் தீங்கையும் குறிப்பிட வேண்டும். சிறுநீரில் புரதம் இறங்குவதை எங்கள் பக்கம் ‘உப்பு இறங்குது’ என்பார்கள். உப்பு என்று கேட்டதும் வீட்டில் சமையல் உப்பை நிறுத்திவிடுகிறார்கள். பத்தியச் சாப்பாடு போட்டாகிவிட்டது, இனிச் சரியாகிவிடும் என்ற நிம்மதியும் கூடவே வந்துவிடுகிறது. உணவில் உப்பைக் குறைப்பதாலோ, பார்லிக் கஞ்சியாலோ, சுரைக்காய்ச் சாற்றாலோ இந்த நோய் நிற்பதில்லை. மருந்து அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும். நோயை முடித்துவைப்பது பிரசவம் ஒன்றுதான், அதை எந்த நாளில் நடத்துவது என்பதை மருத்துவர்கள்தான் கணிக்க முடியும்.

வலிப்பே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிக்கக் கூடாது, பற்களுக்கு இடையே கரண்டியை வைக்கக் கூடாது, தண்ணீர் புகட்டக் கூடாது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, 108ஐ அழைக்க வேண்டும்.

மகளை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ஒரு பிற்பகலில்தான் அப்பத்தா அந்தப் படத்தைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் பட்டாலைச் சுவரில் ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில், கழுத்தில் கழுத்தீரு என்னும் எங்கள் வழக்கத் தாலியோடு ஒரு சின்னப் பெண்ணின் படம் மாட்டியிருக்கும். சிறு வயதில் யாரென்று கேட்டபோதெல்லாம் "மூத்தவுக" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் ஐயாவின் முதல் மனைவி. பத்தொன்பது வயதில், எட்டாம் மாதத்தில் இறந்துபோனவர். அவர் போன மறு ஆண்டு இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்கு வந்தவர்கள் என் அப்பத்தா. "ரெண்டு நாளாத் தலவலின்னு சொன்னாகளாம். கண்ணு தெரியலைன்னாகளாம். முகமெல்லாம் வீங்கி இருந்துச்சுன்னு மாமியார் சொல்லுவாக. மூணாம் நாளு சன்னி (வலிப்பு) கண்டு போய்ட்டாக" என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் என் விரலைத் தடவிக்கொண்டிருந்தார்கள். மோதிரத்தை மருத்துவமனையில் வெட்டி எடுத்திருந்தார்கள்.

நம் வீடுகளில் மூத்த பெண்களின் அனுபவ அறிவு பெரியது. எத்தனையோ இரவுகளில் அதுதான் என்னைத் தேற்றியது. ஆனால் "நாங்கள் ஆறு பெற்றோம், எங்களுக்கு எல்லாம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் எல்லோரும் பிழைத்திருப்பவர்கள். ஒன்று ஆகிப்போனவர் பேச முடியாமல் சுவரில் இருக்கிறார். அப்பத்தாவுக்கு அந்தக் கதை அறுபது ஆண்டுகளாகத் தெரியும். இருந்தும் என் தலைவலி அந்தத் தலைவலிதான் என்று அவர்களுக்குப் படவில்லை, ஏனென்றால் அவர்கள் அறிந்த கதையில் அது விதி, நோய் அல்ல. அவர்களிடம் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. ஒரு உடலில் வீக்கம் எது, நோய் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது மருத்துவருக்கே இயலாது. அதற்காகத்தான் கருவி இருக்கிறது. சொல்ல வேண்டிய கடமை மட்டுமே கர்ப்பிணிக்கு உண்டு, அளந்து தீர்மானிக்கும் பொறுப்பு மற்றவர்களுடையது என்பதை நான் அன்றே அறிந்திருந்தால் சனிக்கிழமையே காரைக்குடிக்குப் போயிருப்பேன்.

தலைவலிக்கு அடுத்தபடியாக நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பிள்ளையின் அசைவைப் பற்றி. தலைப்பிள்ளைக்காரிகள் பெரும்பாலும் 20 வாரத்தை ஒட்டி அசைவை உணர்கிறார்கள், சிலருக்கு முன்னதாகவே தெரியும். 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் காட்டியாக வேண்டும். 28 வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு வழக்கம் படிந்துவிடுகிறது. என் மகள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் போடுவாள், பிற்பகலில் உறங்குவாள். அந்த வழக்கம் குறைவதும் நிற்பதும் பிள்ளை விடுக்கும் ஒரே முறையீடு. ஐயம் வந்தால் இடது பக்கமாகப் படுத்து, வேறு எதிலும் கவனம் வைக்காமல் எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தேறவில்லை என்றால் அது நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். வழக்கத்திலிருந்து பெரிய மாற்றம் என்று மனதுக்குப் பட்டுவிட்டால் எண்ணி முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. "மாசம் நெருங்கிருச்சு, உள்ள எடம் இல்ல, அதான் அசையல" என்ற பேச்சை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். கடைசி வாரங்களில் அசைவின் தன்மை உதையிலிருந்து உருளலாக மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. வலி எடுத்த பிறகும் பிள்ளை அசைந்துகொண்டுதான் இருக்கும். வீட்டில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்கும் சிறு கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. துடிப்பு கேட்கிறதே என்று ஆறுதல் அடைந்து ஒரு நாள் தாமதித்துவிடுவதுதான் அவற்றின் ஆபத்து.

ரத்தப்போக்கைப் பொறுத்தவரை எந்த மாதமானாலும், எவ்வளவு சிறிதானாலும் சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு விதி இல்லை. தொடக்க வாரங்களில் சிறிது கறை பட்டு அதன் பின் நல்லபடியாகப் பெற்றவர்கள் ஏராளம், அதனால் பதற வேண்டியதில்லை. ஆனால் நாள் தள்ளிப்போன சில வாரங்களில் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலியும், தோள்பட்டை நுனியில் குத்தலும், மயக்கமும் சேர்ந்தால், கரு கருக்குழாயில் தங்கி அது வெடித்திருக்கலாம். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோளில் வலிக்கிறது. கர்ப்பம் என்றே இன்னும் வீட்டில் சொல்லாத காலம் அது. முழுகாமல் இருப்பதை மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தைப் போற்றுகிறவர்கள், மருத்துவரையும் உடன் இருக்கும் ஒருவரையும் அந்த வழக்கத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும். பின் மாதங்களில் வலியே இல்லாமல் சிவப்பாகப் பட்டால் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டு கீழே இருக்கலாம். வயிறு கல் போல இறுகி விடாமல் வலித்தால், ரத்தம் வெளியே தெரியாவிட்டாலும், நஞ்சுக்கொடி பிரிந்திருக்கலாம். இரண்டிலும் படுத்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை. தாயின் ரத்த வகை நெகட்டிவ் என்றால், ரத்தம் பட்ட 72 மணி நேரத்துக்குள், பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று கேட்டுவிட வேண்டும்.

பனிக்குடம் உடைவது எப்போதும் குடம் கவிழ்ந்தது போல் இருக்காது, சொட்டுச் சொட்டாகக் கசிவதும் உண்டு. அடக்க முடியாமல் வருகிறது, மூத்திர வாடை இல்லை என்றால் அது பனிநீர் என்றே கொண்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, வலிக்காகக் காத்திராமல் போக வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள், இன்னும் விரைய வேண்டும். 37 வாரத்துக்கு முன்னால் இடுப்பிலிருந்து வயிற்றுக்குச் சுற்றி வரும் வலி சீரான இடைவெளியில் வந்தால் அதைச் ‘சூட்டு வலி’ என்று சீரகத் தண்ணீரில் கரைத்துவிடக் கூடாது. நடந்தாலும் படுத்தாலும் மாறாமல் இடைவெளி குறுகிக்கொண்டே வருவதுதான் மெய் வலிக்கும் பொய் வலிக்கும் உள்ள வேறுபாடு.

என் பள்ளித் தோழி ஒருத்திக்கு நடந்ததை அவள் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். சித்திரை வெயிலில் எட்டாம் மாதம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நமைச்சல், இரவில் கூடுதல், தோலில் ஒரு தடிப்பும் இல்லை. வேர்க்குரு என்று சந்தனமும், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். பத்து நாட்கள் கழித்து வேறு எதற்கோ மருத்துவரிடம் போனபோது, எழும்போது "ராத்திரி எல்லாம் கால் அரிக்குது டாக்டர்" என்று சொன்னாள். உட்காரச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். கல்லீரலில் பித்தம் தேங்கி, பித்த உப்பு ரத்தத்தில் ஏறியிருந்தது. தாய்க்கு அது நமைச்சல்தான். பிள்ளைக்கோ அந்த அளவு மிகவும் உயரும்போது வயிற்றுக்குள்ளேயே உயிர் பிரியும் ஆபத்து உண்டு. அவளுக்கு முன்கூட்டியே பிரசவம் பார்த்தார்கள், பிள்ளை நலம். கதவருகே சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், சிறுநீர் எரிச்சலோடு முதுகுப் பக்க வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தல், படுக்க முடியாத மூச்சுத் திணறல், நெஞ்சு வலி ஆகிய எதையும் மறுநாளைக்கு ஒத்திவைக்கக் கூடாது. மசக்கை எல்லோருக்கும் வரும். ஆனால் ஒரு நாள் முழுக்கக் குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் அடர் மஞ்சளாகிக் குறைந்துபோனால், மசக்கை என்ற பெயரில் அதை விட்டுவைக்கக் கூடாது, குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். தலைவலிக்கோ இடுப்பு வலிக்கோ மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் இப்யூபுரூபன், டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்தவை 20 வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியவை. அன்று சனிக்கிழமை வலி மாத்திரை போடச் சொன்ன குரல், எந்த மாத்திரை என்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒவ்வொரு நோவுக்கும் ஓட வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். மாலையில் கணுக்கால் வீங்கிக் காலையில் வடிவதும், நெஞ்செரிச்சலும், எழும்போது அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று இழுப்பதும், இரவில் கெண்டை இழுப்பதும், வாடையும் அரிப்பும் இல்லாத வெள்ளைப்படுதலும் உண்மையிலேயே பிள்ளைத்தாய்ச்சிக்கு உள்ளவைதாம். அப்படியும் ஒன்றைச் சொல்லி, ஒன்றுமில்லை என்ற பதிலோடு திரும்பி வந்தால் அந்தப் பயணம் வீண் அல்ல. எனக்குத் தெரிந்த நல்ல மருத்துவர்கள் எவரும் அதற்காக முகம் சுளித்ததில்லை. சுளிப்பவர் இருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். நம் பெண்கள் எல்லாத் துன்பத்தையும் ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்ற மூன்று சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். அந்தத் தொலைபேசியில் நானும் அப்படித்தான் சொன்னேன். "எனக்கு 33 வாரம். இரண்டு நாளாகத் தலைவலி, தூங்கியும் போகவில்லை. மோதிரம் கழறவில்லை" என்று சொல்லியிருந்தால் அந்த முனையில் இருந்தவர் எழுந்து போய் யாரையாவது கேட்டிருப்பார் என்று இப்போதும் நம்புகிறேன். எத்தனை வாரம், எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, இதற்கு முன் இப்படி இருந்ததா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. தொலைபேசியில் தள்ளிப்போட்டால் நேரில் போய்விட வேண்டும்.

1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் பிரசவ மரணங்களுக்குப் பின்னால் மூன்று தாமதங்களைக் காட்டினார்கள். போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் ஒன்று. எங்கள் பக்கம் சாலை இருக்கிறது, 108 இருக்கிறது. எங்களுக்கு மிஞ்சியிருப்பது முதல் தாமதம். முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும் வீட்டில் இரண்டு மூதாட்டிகளும் ஒரு கர்ப்பிணியும் மட்டும் இருப்பார்கள். ஆண்கள் ஒரு காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் இருந்தார்கள், இப்போது சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாமியார் வீட்டில் சொல்லிவிட்டு, ராகுகாலம் கழிந்து, எட்டாம் மாதத்தில் பயணம் ஆகாதே என்ற பேச்சையும் தாண்டித்தான் வண்டி கிளம்பும். ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று எனக்கும் சொன்னார்கள். பிள்ளை உள்ளே முதிரும் ஒவ்வொரு வாரமும் அதன் பிழைப்புக்கு வலுச் சேர்க்கிறது, எட்டாம் மாதப் பிள்ளை ஏழாம் மாதப் பிள்ளையைவிடத் திடமானது என்பதே மருத்துவம் அறிந்த உண்மை. என் கணவரிடம் இப்போது ஒரு உடன்பாடு செய்திருக்கிறேன். போகலாமா என்று கேட்டு அழைக்க மாட்டேன், போய்ச் சேர்ந்துவிட்டுச் சொல்வேன்.

கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள், தனியார் மருத்துவமனையில் காட்டினாலும் செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவிக்கு அது தேவை. அதைவிட, ஞாயிற்றுக்கிழமையிலும் உங்கள் முகத்தைப் பார்த்து நிலைமையை அறியக்கூடிய ஒருவர் அதனால் கிடைக்கிறார். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் எங்களுக்கு அருகில் உள்ள புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், படத்தில் இருக்கும் எங்கள் வீட்டு மூத்தவரிடம் ஒரு மருத்துவர் வந்து சேரவில்லை.

பெற்றெடுத்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நானும் நினைத்திருந்தேன். ஐந்தாம் நாள் மீண்டும் அதே இடத்தில் தலை வலித்தது, அழுத்தம் 150ஐத் தாண்டியிருந்தது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம்வரை இந்த நோய் திரும்பலாம், புதிதாகவும் தொடங்கலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமும் சாப்பாடும் பார்த்துப் பார்த்துச் செய்யும் வீடுகளில், எல்லோர் கண்ணும் தொட்டிலின் மேல் இருக்கும் நாட்கள் அவை. மிகுதியான ரத்தப்போக்கும், துர்வாடையோடு காய்ச்சலும், காரணமின்றி நாள்கணக்கில் அழுகையும் அந்த நாட்களில்தான் கவனிக்கப்படாமல் போகின்றன.

இப்போது எனக்கு இரண்டாம் முறை, 14 வாரம். முதல் முறை இந்த நோய் வந்தவர்களுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், மருத்துவர் சொன்னபடி 12ஆவது வாரத்திலிருந்து இரவில் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறேன். பட்டாலையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது. காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளந்து நோட்டில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அப்பத்தா எண்ணைக் கேட்கிறார்கள், படிக்கத் தெரியாத அவர்களுக்கு 140 என்ற எண் மட்டும் மனப்பாடம். நாளை செவ்வாய்க்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். தானும் உடன் வருவதாக, விடியற்காலையில் எழுப்பச் சொல்லி, புடவையை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்கள்.